தந்தம் என்றால் பல்

கரோல்பாக்கில் நாற்பத்தைந்து வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, மாமாவும் மாமியும் மயூர் விஹாரில் மகன் வீட்டோடு வந்துவிடுவது என்று முடிவானது. சாமான் ஒழிக்க உதவிக்குப் போயிருந்தேன். டில்லித் தமிழர் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் இருந்தன. பஞ்சு வெளியே வந்த ரஜாய், மூன்று இட்லிக் கொப்பரை, நிறுத்தப்பட்ட ரயில்களின் அட்டவணை, சர்க்கார் குவார்ட்டர்ஸ் காலத்து டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள் பட்டுத் துணியில் சுற்றி ஒரு குங்குமச் சிமிழ். உள்ளங்கையில் அடங்கும். மூடியில் தாமரை செதுக்கியிருந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது, காய்ந்த சந்தனத்தின் நிறம்.

"தந்தம். மாமியார் குடுத்தது" என்றார் மாமி.

அதற்கப்புறம் அரை மணி நேரம் வேலை ஓடவில்லை. "இதுக்காக ஒரு யானையைக் கொன்னிருக்காங்க" என்று பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போடி, மான் கொம்பு மாதிரி அது தானா விழும், காட்டுல பொறுக்கிண்டு வருவா" என்றார் மாமி. "பழைய சாமான், வித்தா நல்ல விலை போகும்" என்றார் மாமா. மகனோ திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். நான்கு பேர் சொன்னதிலும் ஏதோ ஒரு தப்பு இருந்தது. அன்று தூசியில் நின்றுகொண்டு விளக்க முடியவில்லை. அந்தப் பாக்கிதான் இந்தக் கட்டுரை.

பெயரால் வந்த குழப்பம்

தமிழில் நாம் யானைக் கொம்பு என்கிறோம். தந்தமுள்ள ஆண் யானை கொம்பன். சங்கப் பாடல்களில் கோடு, மருப்பு என்று வரும். இரண்டு சொல்லும் மாட்டுக்கும் மானுக்கும் யானைக்கும் பொது. கோடு என்றால் மரக்கிளை, மலை உச்சி என்றும் பொருள் உண்டு. நீட்டிக்கொண்டு நிற்பதெல்லாம் கோடு. கண்ணால் பார்த்து வைத்த பெயர், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 'கொம்பு' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, மாட்டையும் மானையும் வைத்து யானையை யோசிக்கத் தோன்றிவிடுகிறது. மாமியின் கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

'தந்தம்' என்ற சொல் உண்மையை உடைத்தே சொல்கிறது. வடமொழியில் அதற்குப் பல் என்று அர்த்தம். டில்லியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். இங்கே ஹிந்தியில் தந்தத்துக்குப் பெயர் 'ஹாத்தி தாந்த்', அதாவது யானைப் பல். பற்பொடி டப்பாவின் மேல் 'தந்த் மஞ்சன்' என்று எழுதியிருக்கும் அதே சொல்.

ஹிந்தியில் ஒரு பழமொழி உண்டு: யானைக்குத் தின்னும் பல் வேறு, காட்டும் பல் வேறு. தேர்தல் நேரத்தில் ஆட்டோக்காரர் முதல் அண்டை வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வது. உள்ளொன்று புறமொன்று என்று திட்டுவதற்காக உண்டானது என்றாலும், உடற்கூறு வகுப்பில் முதல் பாடமாக வைக்கலாம். தின்னும் பல் வாய்க்குள் இருக்கும் கடைவாய்ப்பல். காட்டும் பல் தந்தம். இரண்டும் பல்தான் என்பதைப் பழமொழி போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.

நகமா, எலும்பா, பல்லா?

விலங்குகளின் உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை எல்லாம் ஒரே சரக்கு இல்லை. நம் உடம்பையே எடுத்துக்கொள்வோம். நகம், எலும்பு, பல் மூன்றும் கெட்டியானவைதான். ஆனால் நகத்தை வெட்டினால் வலிக்காது, திரும்ப வளரும். எலும்பு உடைந்தால் கூடும். பல் போனால் போனதுதான்.

நகமும் முடியும் கெரட்டின் என்ற ஒருவகைப் புரதத்தால் ஆனவை. மாட்டுக் கொம்பின் உள்ளே எலும்பு, மேலே கெரட்டின் உறை. காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பே கிடையாது, முழுக்கக் கெரட்டின். புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் கொம்பு சுத்தமான எலும்பு. அது ஒவ்வொரு சுற்றிலும் உதிர்ந்து திரும்ப முளைக்கும். மாமி சொன்ன 'தானா விழும்' கதை மானுக்கு அப்படியே பொருந்தும். அதைத்தான் அவர் யானை மேல் ஏற்றிவிட்டார்.

யானையின் தந்தம் இந்த மூன்றிலும் சேராது. அது மேல்தாடையிலிருந்து வளரும் வெட்டுப்பல். வெட்டுப்பல் என்றால் கொய்யாக்காயைக் கடிக்க நாம் பயன்படுத்தும் முன்பல். மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டு பெரிய பல்லுக்கும் இரு பக்கத்தில் ஒவ்வொன்று இருக்கிறதல்லவா, அந்த இடத்துப் பல்தான் யானைக்குத் தந்தமாக நீண்டுவிட்டது. பலர் நினைப்பது போல அது கோரைப்பல் இல்லை. காட்டுப்பன்றியின் தந்தம்தான் கோரைப்பல். யானைக்குக் கோரைப்பல்லே கிடையாது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மாட்டின் கொம்பில் உறை, மானின் கொம்பு எலும்பு, யானையின் 'கொம்பு' பல். மற்றதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கும்.

பேப்பர் கப் அடுக்கு

பல் என்றால் ஒரு அளவுக்கு வளர்ந்து நின்றுவிட வேண்டுமே, இது மட்டும் எப்படி இவ்வளவு நீளம் போகிறது? எலியைப் பாருங்கள். அதன் முன்பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வேண்டுமோ வேண்டாமோ எதையாவது கரம்பிக்கொண்டே இருக்கிறது. யானைத் தந்தமும் அந்த ஜாதி. சராசரியாக ஆண்டுக்கு 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மண்ணைத் தோண்ட, பட்டையை உரிக்க என்று பயன்படுத்துவதில் நுனி தேயும். நமக்கு வலது கை, இடது கை இருப்பது போல ஒவ்வொரு யானைக்கும் அதிகம் பழகிய பக்கம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்துத் தந்தம் கொஞ்சம் குட்டையாக இருக்கும்.

உள்ளே வளர்வது எப்படி என்று புரிய டீக்கடைக்குப் போக வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பேப்பர் கப் அடுக்கைப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். கப்பின் அடிப்பாகம் யானைக்கு முன்னால், திறந்த வாய் யானையின் தலைக்குள். ஒவ்வொரு முறையும் புதிய கப் ஒன்று திறந்த பக்கத்திலிருந்து உள்ளே செருகப்படுகிறது. அடுக்கு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அப்படியானால் நுனியில் இருப்பது பழையது, யானை சின்னதாக இருந்தபோது உண்டானது. அடியில் இருப்பது புத்தம் புதியது.

இந்தக் கப் எதனால் ஆனது? டென்டைன். நம் பல்லிலும் இதுதான் பெரும்பகுதி. கால்சியம் பாஸ்பேட் தாதுவும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் கலந்த கெட்டிப் பொருள். நம் பல்லுக்கு மேலே எனாமல் என்ற பளபளப்பான ஓடு முழுக்க மூடியிருக்கும். தந்தத்தில் எனாமல் நுனியில் மட்டும் கொஞ்சம், அதுவும் சின்ன வயதிலேயே தேய்ந்துவிடும். தந்தம் என்று நாம் பிடித்துப் பார்ப்பது டென்டைனைத்தான்.

அடுக்கின் கடைசிக் கப்புக்குள் இருக்கும் வெற்றிடத்தில் பற்கூழ் இருக்கிறது. பற்கூழ் என்பது நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள உயிருள்ள மென்சதை. புதிய டென்டைனைச் சுரக்க வைப்பது அதுதான். ரூட் கெனால் செய்துகொண்டவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

குட்டியானைக்கும் பால் பல் உண்டு. ஐந்து சென்டிமீட்டர் அளவில் பால் தந்தம் வந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குள் விழுந்து, நிலையான தந்தம் முளைக்கும். யானைத் தந்தம் தானாக விழுவது அந்த ஒரே ஒரு தடவை. அந்தத் துண்டில் குங்குமச் சிமிழுக்கு மூடி கூடச் செய்ய முடியாது.

கொல்லாமல் எடுக்க முடியாதா?

இந்தக் கேள்வியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். முடியும், முடியாது, இரண்டும் பதில்.

தந்தத்தின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியாது. மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். பற்கூழும் அந்தப் பகுதியில்தான். அதற்கு முன்னால் இருக்கும் நுனியை வெட்டினால் யானைக்கு வலிக்காது. வளர்ப்பு யானைகளுக்கு அனுமதி வாங்கி நுனியை வெட்டிவிடுவது உண்டு. வெட்டின இடத்திலிருந்து முளைக்காது, அடியிலிருந்து அடுக்கு தள்ளிக்கொண்டு வரும். கோயில் யானையைப் பார்த்து வளர்ந்தவர்கள் 'வெட்டினா வளரும்' என்று சொல்வதற்குக் காரணம் இது. சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை.

மீதிப் பாதி காட்டில் இருக்கிறது. வேட்டைக்காரன் காட்டு யானையிடம் போய் 'வாயைத் திற' என்று சொல்ல முடியாது. அவனுக்கு மண்டைக்குள் இருக்கும் மூன்றில் ஒரு பங்கும் வேண்டும், அதுவும் காசு. யானையைச் சாய்த்து, முகத்தை வெட்டிப் பெயர்த்தால்தான் முழுத் தந்தமும் கைக்கு வரும். நம் பல்லை வேரோடு எடுக்க வேண்டுமென்றால் மரத்துப்போகும் ஊசியும் டாக்டரும் தேவைப்படுகிறார்கள். இரண்டு மீட்டர் பல்லுக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இயற்கையாக இறந்த யானையின் தந்தம்? அது பொறுக்குகிறவருக்குச் சொந்தமில்லை. சட்டப்படி அரசுச் சொத்து, வனத்துறைக் கிடங்குக்குப் போகும். விரலில் போட்டுக்கொள்ளும் யானைமுடி மோதிரமும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பாது. அதை விற்கிறவர்களும் 'கீழே விழுந்த முடிதான்' என்றே சொல்வார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நுனியை வெட்டினால் யானை பிழைக்கும், வேரோடு எடுத்தால் பிழைக்காது. சந்தைக்குப் போன தந்தம் பெரும்பாலும் இரண்டாவது வழியில் வந்தது.

அப்படி என்ன மவுசு?

மரம் நார்ப்போக்கில் பிளக்கும். கல் சில்லாக உடையும். எலும்பில் ரத்தக்குழாய் ஓடிய துளைகள் இருப்பதால் மெருகு முழுதாக ஏறாது. தந்தத்தில் அந்தத் துளைகள் இல்லை. டென்டைனுக்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். உளி எந்தப் பக்கம் போனாலும் இழுக்காமல் வழுவழுவென்று சீவும். தலைமுடி மெல்லிசுக்குச் சல்லடை போடலாம், உடையாது. தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறும். கையில் பிடித்தால் உலோகம் போலச் சில்லென்று இருக்காது, வேர்வை பட்டாலும் வழுக்காது. இந்தக் கடைசிக் குணத்துக்காகத்தான் பியானோவின் வெள்ளைக் கட்டைகள் மேல் மெல்லிய தந்தத் தகடு ஒட்டினார்கள். கத்திப் பிடி, சீப்பு, தாயக்கட்டை எல்லாவற்றுக்கும் இதே காரணம்.

பில்லியர்ட்ஸ் பந்துக்கும் தந்தம்தான். ஒரு தந்தத்தில் நான்கைந்து பந்துதான் தேறும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அந்த ஆட்டம் வெறியாகப் பரவ, பந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று ஒரு கம்பெனி அறிவித்தது. அதில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹையட், 1869 வாக்கில் செல்லுலாய்டைக் கொண்டுவந்தார். பந்தாக அது பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் பிளாஸ்டிக் தொழிலுக்கு அது ஒரு பிள்ளையார் சுழி. பிறகு சினிமாச் சுருளும் அதில்தான் வந்தது. நாம் கொட்டகையில் விசிலடித்ததற்கும் யானைப் பல்லுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு. ஸ்னூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் தொடங்கி, ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டு உலகம் சுற்றியது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆடிய பந்துகள் தந்தம், வெளியே முதுமலைக் காடு.

நாற்பதாயிரம் வருஷப் பல்

மனிதன் செதுக்கிய மிகப் பழைய உருவங்களில் ஒன்று தந்தத்தில் செய்தது. ஜெர்மனியில் ஒரு குகையில் 1939இல் கிடைத்த சிங்கத்தலை மனித உருவம். வயது 35,000 முதல் 40,000 ஆண்டு. அது யானையின் தந்தம் கூட இல்லை, யானைக்கு உறவான, பூண்டோடு அழிந்துபோன மாமூத்தின் தந்தம். நரசிம்மர் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். வேண்டாம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தியாவுக்கு வந்தால் குஜராத்தின் லோத்தலில் கிடைத்த தந்த அளவுகோலிலிருந்து தொடங்கலாம். சிந்துவெளி நாகரிகக் காலத்தது. அதில் கீறியிருக்கும் கோடுகளுக்கு நடுவே இடைவெளி 1.7 மில்லிமீட்டர். மரம் போல நார் இழுக்காத பொருளாக இருந்தால்தானே இவ்வளவு நுணுக்கமாகக் கோடு கிழிக்க முடியும். நம் கீழடியிலும் தந்தச் சீப்பு கிடைத்திருக்கிறது.

அடுத்த இடம் டில்லித் தமிழர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டே கடந்து போவது. ஜி.டி. எக்ஸ்பிரஸோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ, போபாலுக்குச் சற்று முன்னால் விதிஷா வரும், அதை ஒட்டி சாஞ்சி. ஜன்னலிலிருந்தே குன்றின் மேல் ஸ்தூபி தெரியும். அந்தப் பெரிய ஸ்தூபியின் தெற்குத் தோரணவாயிலில் பிராமி எழுத்தில் ஒரு வரி வெட்டியிருக்கிறது. விதிஷாவின் தந்தச் சிற்பிகள் இந்த உருவங்களைச் செய்தார்கள் என்பது அதன் பொருள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய வரி. தந்தத்தில் கை பழகியவர்கள் கல்லுக்கு வந்திருக்கிறார்கள். தோரணத்தின் குறுக்கு உத்தரங்களில் விரற்கடை இடம் விடாமல் யானையும் குதிரையும் ஜனக்கூட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், பெட்டியின் பக்கத்தில் செதுக்கியதைப் பெரிதாக்கி வைத்தது போல எனக்குத் தோன்றும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பர் பெர்த்திலிருந்து இறங்கி ஜன்னலுக்கு வாருங்கள்.

அதே காலத்துச் சரக்கு கடல் தாண்டியும் போயிருக்கிறது. இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்து பாம்பே நகரத்தை மூடியது. நம் பம்பாய் இல்லை, அந்த ரோமானிய ஊர். அந்தச் சாம்பலைத் தோண்டும்போது 1938இல் ஒரு வீட்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரத்தில் இந்தியத் தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. ஒட்டியாணம், வளை, கொலுசு, பின்னல் என்று பக்கா இந்தியப் பெண். முதலில் லட்சுமி என்றார்கள், பிறகு யட்சி என்றார்கள். மகாராஷ்டிராவில் போகர்தன் என்ற ஊரில் இதே சாயலில் இன்னொன்று கிடைத்தது. இப்போது இத்தாலிச் சிலை இருப்பது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில். நம் பக்கத்துச் சாட்சி கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறி. 2ஆம் நூற்றாண்டின் பாப்பிரஸ் தாள் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. முசிறியிலிருந்து ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் ஏற்றிய சரக்கின் கணக்கு அதில் வருகிறது. தந்தமும் அந்தக் கணக்கில் உண்டு.

இடையில் ஒரு சொல் வேடிக்கை. கிரேக்கர்கள் யானையைக் கண்ணால் பார்க்கும் முன்பே தந்தத்தை வாங்கியிருக்கிறார்கள். ஹோமரின் காவியங்களில் 'எலிஃபாஸ்' என்றால் தந்தம்தான். விலங்குக்கு அந்தப் பெயர் வந்தது பிறகு. சரக்கு முதலில் வந்தது, மிருகம் பின்னால் வந்தது. கடைத்தெருவில் 'ஐவரி கலர்' என்று புடவை கேட்கும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம், நிறம் இருக்கிறது, யானை மறந்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. கிழக்கு ஆப்பிரிக்கத் தந்தம் சான்சிபாரிலிருந்து பம்பாய்க்கு வந்து இறங்கி, ஒரு பகுதி லண்டனுக்குப் போனது. இன்னொரு பகுதி குஜராத், ராஜஸ்தான் மணப்பெண்களுக்கு வளையலானது. டில்லி மெட்ரோவில் புதுப்பெண்கள் முழங்கை வரை சிவப்பும் வெள்ளையுமாக வளையல் அடுக்கிக்கொண்டு வருவார்களே, அந்தப் பஞ்சாபி 'சூடா'வும் ஒருகாலத்தில் தந்தத்தில் செய்யப்பட்டதுதான். இன்று எல்லாம் பிளாஸ்டிக்.

இங்கேயே ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகத்தின் அலங்காரக் கலைப் பிரிவில் ஒரு முழுத் தந்தம் இருக்கிறது. நீளம் ஐந்தடிக்கு நெருக்கம். புத்தர் வாழ்க்கையின் 43 காட்சிகள் அதில் குடைந்திருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டில்லிப் பக்கத்துக் கைவினைஞர்கள் செய்தது என்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது வேலைப்பாட்டில் மயங்கி நின்றேன். இரண்டாம் தடவை, பேப்பர் கப் கணக்கு தெரிந்த பிறகு, ஐந்தடி என்றால் எத்தனை வருஷ வளர்ச்சி என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அகிம்சையைச் சொன்னவரின் கதையை இதிலா செதுக்க வேண்டும் என்றும் தோன்றியது.

ஆண் யானைகள் எங்கே?

ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. ஆசிய யானையில் ஆணுக்கு மட்டும். பெண்ணுக்கு வெளியே தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிறு முளை இருக்கலாம். ஆணிலும் சிலவற்றுக்கு இல்லை, அதைத்தான் மக்னா என்கிறோம். இலங்கையில் ஆண்களிலேயே பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்குத்தான் தந்தம்.

இதனால் நம் காடுகளில் நடந்தது வேறு மாதிரிச் சேதம். எண்ணிக்கையைப் பார்த்தால் யானைகள் இருக்கும், ஆனால் ஆண் இருக்காது. 1980களின் இறுதியில் கேரளத்தின் பெரியாறு காட்டில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் என்ற நிலை வந்தது. குட்டி எங்கிருந்து பிறக்கும்? வீரப்பன் பெயரைச் சந்தனத்தோடு சேர்த்தே நினைவு வைத்திருக்கிறோம், அவன் கணக்கில் தந்தமும் சேர்த்தி.

ஆப்பிரிக்காவில் 1979இல் ஏறத்தாழ 13 லட்சம் என்று மதிப்பிடப்பட்ட யானைகள் பத்தே ஆண்டில் 6 லட்சமாகக் குறைந்தன. மொசாம்பிக்கின் கோரோங்கோசா காட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக அங்கே பத்தில் ஒன்பது யானைகள் போயின. தந்தம் இல்லாமல் பிறந்த பெண் யானைகள் தப்பித்துக் குட்டி போட்டன. போருக்கு முன் ஐந்தில் ஒன்றாக இருந்த தந்தமில்லாப் பெண்கள், போருக்குப் பின் பாதிக்குப் பாதி ஆகின. யானை தந்தத்தை உதறிவிட முடிவு செய்தது என்று இதைச் சிலர் கதையாகச் சொல்கிறார்கள். யானை எதையும் முடிவு செய்யவில்லை. தந்தம் இருந்தவை சுடப்பட்டன, இல்லாதவை மிஞ்சின, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1977இல் இந்திய யானை அதன் முதல் அட்டவணைக்கு, அதாவது உச்சகட்டப் பாதுகாப்புப் பட்டியலுக்கு, மாற்றப்பட்டது. 1986இல் இந்தியத் தந்த வியாபாரம் மூடப்பட்டது. 'இது ஆப்பிரிக்கத் தந்தம்' என்று சொல்லி விற்கும் சந்து மட்டும் திறந்திருந்தது. செதுக்கி முடித்த பொம்மையைப் பார்த்து அது எந்தக் கண்டம் என்று கடைக்காரராலேயே சொல்ல முடியாது. 1991இல் அந்தச் சந்தும் அடைபட்டது. வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். டில்லி உயர் நீதிமன்றம் 1997இலும் உச்ச நீதிமன்றம் 2003இலும் தடை செல்லும் என்றன.

வெளிநாட்டில் இதற்கு இணையானது சைட்டிஸ். அழியும் நிலையில் உள்ள உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் ஒப்பந்தம். அதன் மூன்றாவது மாநாடு 1981இல் இதே டில்லியில் நடந்தது. 1989இல் ஆப்பிரிக்க யானையும் தடைப் பட்டியலுக்குப் போனது, 1990 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. 1999இலும் 2008இலும் சில நாடுகளின் கையிருப்பை விற்க விதிவிலக்கு கொடுத்தார்கள். என் பார்வையில் அது பெரிய சறுக்கல், 'சில தந்தம் நல்ல தந்தம்' என்ற பேச்சுக்கு உயிர் கொடுத்துவிட்டது. சீனா தன் உள்நாட்டுச் சந்தையை மூடியது 2017 இறுதியில்தான். கென்யா மட்டும் ஆரம்பத்திலிருந்தே கறார், 1989இல் 12 டன் தந்தத்தைக் கொளுத்தியது, 2016இல் 105 டன்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். வீட்டில் பரம்பரையாக வந்த தந்தப் பொருளை வைத்துக்கொள்ள உரிமைச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இருந்தாலும் வாரிசுக்குப் போகலாம், விற்க முடியாது. 'நூறு வருஷத்துக்கு முந்தியது, அதனால் பரவாயில்லை' என்பது இங்கே செல்லாது. பழையது என்று சொல்லிப் புதியதை விற்பதுதான் உலகம் முழுக்க நடந்த தந்திரம். யானைக் குற்றத்துக்குத் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. ஆகையால் இணையத்தில் படம் போட்டு 'விலை என்ன போகும்' என்று கேட்பது கூட வேண்டாத வேலை.

டில்லியில் தந்தம் செதுக்கிய குடும்பங்கள் தடைக்குப் பிறகு ஒட்டக எலும்புக்கும் எருமை எலும்புக்கும் மாறின. அதே உளி, சல்லடை போலக் குடையும் அதே 'ஜாலி' வேலை, மெருகு மட்டும் கொஞ்சம் குறைவு.

பார்த்து எப்படிச் சொல்வது?

வீட்டில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். குறுக்கே வெட்டிய பக்கத்தைப் பாருங்கள், சிமிழுக்கு அது அடிப்பாகம். யானைத் தந்தமானால் மெல்லிய கோடுகள் இரு திசையிலும் வளைந்து ஒன்றையொன்று வெட்டி, கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். இதற்கு ஷ்ரேகர் கோடுகள் என்று பெயர். டென்டைனின் நுண்குழாய்கள் அமைந்திருக்கும் ஒழுங்கினால் வருவது. மாமூத் தந்தத்தில் கோடுகள் குறுகலான கோணத்திலும், இன்றைய யானையில் அகலமான கோணத்திலும் வெட்டும். எலும்பானால் இந்தப் பின்னல் இருக்காது, ரத்தக்குழாய்த் துளைகளில் அழுக்குச் சேர்ந்து பழுப்புப் புள்ளியும் கீறலுமாகத் தெரியும். பிளாஸ்டிக்கில் ஒன்றுமே தெரியாது, அல்லது ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரே சீராகக் கோடு ஓடும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், பொருள் பாழாகும்.

போன ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில் காபி குடித்துவிட்டு, மாமா ஸ்டாம்பு சேகரித்த காலத்துப் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தோம். பேத்திதான் முதலில் பார்த்தாள். சிமிழைக் கவிழ்த்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். பின்னல் கிடையாது. மிளகைப் பொடித்துத் தூவினது போலப் பழுப்புப் புள்ளிகள், நடுவே இரண்டு மூன்று நீளக் கீறல்.

"எலும்பு" என்றாள். "ஒட்டகமோ எருமையோ."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மாமி சிமிழை வாங்கி முந்தானையால் துடைத்தார். "மாமியார் தந்தம்னுதான் சொன்னா" என்றார். பிறகு, "அவ எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து ஊக்கு இரண்டைப் போட்டுப் பூஜை அலமாரியில் வைத்தார்.